மலேசியக் கடலடி எண்ணெய்த் தேடலில் தொல் படிவுச் சூழல்

மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் எத்தகைய நீர்நிலையில் படிந்தன என்று பாறையைக் கொண்டு அறிந்து, எண்ணெயும் எரிவாயுவும் இருக்கக்கூடிய இடத்தைக் கணிப்பது தொல் படிவுச் சூழல் ஆய்வு. எண்ணெய் பிறக்கும் மூலப்பாறை, அது தங்கும் தேக்கப்பாறை, கசியவிடாத மூடுபாறை ஆகிய மூன்றின் பரவலையும் படிவுச் சூழலே பெரிதும் தீர்மானிக்கிறது. துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளும் நுண்புதைபடிவங்களும் மகரந்தமும் நில அதிர்வு அலைப் படங்களும் இதற்குச் சான்றுகள்.

வரலாறு

மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கின் மீரியில், கனடா குன்றின் மேல், 1910-இல் ஷெல் குழுமத்தால் தோண்டப்பட்டது. தரையில் கசிந்த எண்ணெயும் மேல்நோக்கி வளைந்த பாறை அடுக்கும் அதற்கு வழிகாட்டின. கடலில் அத்தகைய கசிவைத் தேடிப் போவது எளிதன்று. ஆகவே படிவுச் சூழலை அறியும் தேவை அங்குதான் மிகுந்தது. 1963-இல் சரவாக் கடலில் பாராம் வயலும், 1969-இல் திரெங்கானுவுக்கு அப்பால் தாப்பிஸ் வயலும் கண்டறியப்பட்டன. 1974-இல் நாட்டின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது.

வகைப்பாடு

தாப்பிஸ் வயல் அமைந்த மலாய்ப் படுகை சுமார் 500 கி.மீ. நீளமும் 200 கி.மீ. அகலமும் கொண்டது, அதன் வண்டல் 12 கி.மீ.க்கும் மேல் தடித்தது. எஸ்ஸோ நிறுவனம் அதன் அடுக்குகளை மேலிருந்து கீழாக ஏ முதல் எம் வரை பெயரிட்டது. ஷெல் நிறுவனமோ சரவாக் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எட்டுச் சுழற்சிகளாகப் பிரித்தது. மலேசியக் கடலடி அடுக்குகளின் முக்கியப் படிவுச் சூழல்கள் வருமாறு.

ஏரி: மலாய்ப் படுகையின் அடி அடுக்குகளில் உள்ள, பாசி மட்கிய ஏரிக் களிக்கல் முக்கிய மூலப்பாறை.

கழிமுகமும் ஆழமற்ற கடலும்: ஐ, ஜே அடுக்குகளின் மணற்கற்கள் சிறந்த தேக்கப்பாறைகள். தாப்பிஸ் எண்ணெய் ஜே அடுக்கைச் சேர்ந்தது.

பவளத்திட்டு: சரவாக் கடலின் மத்திய லூக்கோனியாவில் 200-க்கும் மேற்பட்ட மயோசீன் காலச் சுண்ணாம்புத் திட்டுகள் உள்ளன. இத்திட்டுகள் உள்ளிட்ட சரவாக் கடலின் எரிவாயு 1983 முதல் பிந்துலுவிலிருந்து திரவமாகக் கப்பலேறுகிறது.

ஆழ்கடல்: சரிவில் இறங்கிய கலங்கல் நீரோட்டம் குவித்த மணல். சபா கடலில் சுமார் 1,300 மீட்டர் ஆழத்தில் 2002-இல் கண்டறியப்பட்ட கிக்கே வயல் இவ்வகையின் தலைசிறந்த சான்று.

இக்கால ஒப்புமை

பழைய கழிமுகத்தைப் புரிந்துகொள்ள இன்றைய கழிமுகமே அருமையான பாடநூல். லங்காட் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்ந்து மலாக்கா நீரிணையோரம் கழிமுகம் அமைத்துள்ளன. கேரித் தீவும் கெத்தாம் தீவும் அதில் அடங்கும். ஓதம் உயர்ந்து தாழும் அக்கரையில் அலையாத்திக் காடும் சேற்றுத்திடலும் மணல்திட்டும் அடுத்தடுத்து அமைகின்றன. கடலடிப் பாறைத் துண்டில் அலையாத்தி மகரந்தம் தென்பட்டால், பழைய கரையோரம் அருகில் இருந்ததை ஆய்வாளர் உணர்கிறார். 1970-இல் வெளியான ஓர் ஆய்வு கிள்ளான் கழிமுகத்தை உலக நிலவியலாளருக்கு அறிமுகப்படுத்தியது.

இன்றைய நிலை

முப்பரிமாண அதிர்வுப் படங்களும் கணினி மாதிரிகளும் தற்போது பயன்படுகின்றன.