உயர் பகு எண்கள்

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகக் காரணிகளைக் கொண்ட முழு எண், உயர் பகு எண் எனப்படும். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என வரிசை தொடங்குகிறது. 12-க்குக் காரணிகள் ஆறு. அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்ணுக்கு இது எதிர்முனை.

பெயர் வைக்கப்படுவதற்கு மிக முன்பே இவ்வெண்கள் புழக்கத்தில் இருந்தன. பாபிலோனியர் எண்முறைக்கு அடிப்படை 60. தமிழர் கணக்கிலும் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. 60-ஐ இரண்டு முதல் ஆறு வரை எத்தனை பங்காகப் பிரித்தாலும் மிச்சம் விழாது.

‘சட்டங்கள்’ நூலில் பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்கிறார். நிலத்தைப் பங்கிடவும் வரி, போர் ஏற்பாடுகளுக்கும் வசதியான எண் அது. தன்னை நீக்கி 59 காரணிகள். ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் வகுபடும். பன்னிரண்டு வரை பார்த்தால் 11-ஆல் மட்டும் வகுபடாது. இரண்டு குடும்பத்தைக் கழித்தால் அதுவும் சரியாகிவிடும் என்று அவரே குறித்திருக்கிறார். இந்த 5040 ஓர் உயர் பகு எண்.

உயர் பகு எண்களைத் தனித் துறையாக ஆக்கியவர் சீனிவாச இராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே லண்டன் கணிதவியல் கழக இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின்வழி பி.ஏ. பட்டம் அளித்ததும் இந்த ஆய்வுக்காகவே. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு கூடாது என்பது அவர் காட்டிய அமைப்பு. 2-ஐ ஒரு முறையும் 3-ஐ இரு முறையும் பெருக்கினால் 18; அடுக்குகளை மாற்றிப் போட்டால் 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். ஆகவே 18-க்கு இடமில்லை. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு.

6746328388800 வரை 102 எண்களை அவர் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் இது வியக்கத்தக்க உழைப்பு. 293318625600 என்ற ஒரே எண் விடுபட்டது. அதற்குள்ள காரணிகளின் எண்ணிக்கை சரியாக 5040.

போர்க்காலத்தில் கழகம் பணநெருக்கடியில் இருந்ததால், செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை இராமானுஜன் வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அவர் 1920-இல் மறைந்தபின் 1944-இல் கணிதவியலாளர்கள் எர்டோஷ், அலாவோக்லு ஆகியோர் ஆய்வைத் தொடர்ந்தனர். விடப்பட்ட பகுதி 1988-இல் கையெழுத்துப் படியாகவும், 1997-இல் நிக்கோலா, ரோபன் இருவரின் குறிப்புகளுடனும் அச்சேறியது. எழுபதாண்டுக்கு மேல் அது கிடப்பில் கிடந்தது எண்கோட்பாட்டுக்குப் பெரும் இழப்பு. காரணம், ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் அத்தொகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு, பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோளை மெய்யெனக் கொண்டு, இராமானுஜன் அதில் வரம்பு கண்டிருந்தார்.

அதே ரோபன், அப்பகுதி வெளிவருமுன்பே 1984-இல் தாமாக ஒரு முடிவை நிறுவியிருந்தார். ஓர் எண்ணை, அதன் இயல் மடக்கையின் மடக்கையாலும் 1.781 எனத் தொடங்கும் மாறிலியாலும் பெருக்கினால் ஒரு வரம்பு கிடைக்கும். 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் காரணிகளின் கூட்டுத்தொகை அவ்வரம்புக்குள் அடங்கினால் ரீமன் கருதுகோள் மெய், அடங்காவிட்டால் பொய். பிளேட்டோவின் எண்ணுக்கு மேல் அவ்வரம்பை மீறும் எண் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.