சென்னைப்பட்டணம் பிறந்த வரலாறு

மதுரையினின்று இராஜபாளையம் செல்லும் பெருஞ்சாலையிலுள்ள நமது டி. கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு சென்னையின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுவதேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். கல்வியையும் உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் நாடி நம் சமூகத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் சென்று குடியேறும் நகரம் அஃது. ஆங்கிலேயர் தம் திறமை ஒன்றாலேயே மணல்வெளியில் அந்நகரை உண்டாக்கினர் என்றே நம்மிற் பலரும் கேட்டு வளர்ந்தோம். ஆராயுமிடத்து, நம் நாட்டு நாயக்கர்களும் துவிபாஷிகளும் தறிகாரர்களும் அதன் பிறப்பிற் கொண்ட பங்கு பெரிதென்பதும், அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்றென்பதும் விளங்குகின்றன.

மதுரையில் திருமலை நாயக்கர் அரசு செலுத்திய காலம் அது. சோழமண்டலக் கரையில் போர்ச்சுகீசியர் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் நிலைபெற்றிருந்தனர். அவர்களுக்குப் போட்டியாக ஒல்லாந்தர் வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை அமைத்தனர். இருவரும் கடலிற் கண்டவிடமெல்லாம் பொருதனர். பிற்பட்டு வந்த ஆங்கிலேயருக்கோ மசூலிப்பட்டணத்தில் அதிகாரிகளின் தொல்லை. 1626-இல் குடியேறிய ஆர்மகானில் நல்ல துணி கிடைத்திலது. ஐரோப்பியர் யாவரும் நாடிவந்தது நம் நெசவாளர் நெய்த துணியையே என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அத்துணியைக் கீழைத்தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகு முதலிய சம்பாரங்களுக்கு மாற்றுவது அவர்கள் வழக்கம். ஆதலின் தறி எங்கே மிகுதியோ அங்கே கோட்டை எழுந்தது.

அந்நாளில் வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரும், பூந்தமல்லியிலிருந்த அவர் தம்பி ஐயப்ப நாயக்கரும் ஆங்கிலேயரைத் தாமே அழைத்தனர். பாரசீகக் குதிரைகள் கிடைக்கும், துறைமுகத்தால் வருவாய் பெருகும் என்பன அவர் எண்ணங்கள். ஒல்லாந்தருக்கும் போர்ச்சுகீசியருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவரைக் குடியேற்றினால் அவ்விருவர் கலகமும் அடங்கும் என்று ஐயப்ப நாயக்கர் கருதியதாகவும் ஒரு செய்தி உண்டு. இரண்டு பூனைகளின் சண்டையைத் தீர்க்க மூன்றாவதாக ஒன்றை வீட்டிற்குள் விட்டது போலாயிற்று இவ்யோசனை.

பிரான்சிஸ் டே என்பவர் பெற்ற சாசனத்தின் தேதி 1639 ஆகஸ்டு 22 எனக் கொள்ளப்படுகின்றது. கோட்டையை நாயக்கர் தம் செலவிற் கட்டித்தருவார் என்று டே நம்பினார். பணம் கேட்டபோது, தாம் அவ்வாறு சொல்லவேயில்லை என்று நாயக்கர் மறுத்துவிட்டார்! 1640-இல் டேயும் கோகனும் வந்து வேலையைத் தொடங்கினர். செலவைக் கண்டு கம்பெனியின் மேலதிகாரிகள் முகஞ்சுளித்தனர். நாயக்கரின் தந்தையாராகிய சென்னப்ப நாயக்கர் பெயரால் ஊர் சென்னப்பட்டணம் எனப்பட்டது.

கோட்டை எழுந்ததனால் மட்டும் நகரம் ஆகிவிடாது. துவிபாஷியாகிய பேரி திம்மப்பா போன்றோர் வணிகரையும் நெசவாளரையும் திரட்டினர். சில ஆண்டுகளில் கோட்டைக்கு வடபால் நூற்றுக்கணக்கான தறிக்குடும்பங்கள் வந்து அமர்ந்தன. பின்னர், 1734-இல், நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர் ஆகியோர்க்கென்றே சிந்தாதிரிப்பேட்டை ஏற்படுத்தப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவர் குறையையும் மறையாது கூறுதல் கடமை. குடியேறி இருபதாண்டு நிரம்புமுன்னரே வலங்கையாரும் இடங்கையாரும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் செல்வதென்று அடித்துக்கொண்டனர். 1707-இல் அக்கலகம் மீண்டும் மூண்டு, வலங்கையார் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டனர். ஆளுநர் தாமஸ் பிட் பேட்டைகளைப் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. தெருவுக்காக நாம் வழக்காடினோம். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கோட்டைக்குப் போயிற்று. சாதிச் சங்கம் நடத்தும் நாம் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையே போர்ச்சுகீசியர் 1662-இல் சாந்தோமைக் கோல்கொண்டாவிடம் இழந்தனர். 1672-இல் அதைப் பிடித்த பிரெஞ்சுக்காரரை ஏறத்தாழ ஈராண்டில் கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் கூடி வெளியேற்றினர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஊன்றினர். அதுமுதல் சென்னைக்கு உண்மையான எதிரி புதுச்சேரியே.

ஐரோப்பாவில் மூண்ட போர் 1746-இல் இங்கு வந்து சேர்ந்தது. லாபூர்தொனே கப்பற்படையுடன் வந்து செப்டம்பரில் சென்னையைப் பிடித்தார். பதினொரு லட்சம் வராகனுக்கு அதனைத் திருப்பித் தருவதாக அவர் பேசி முடித்தார். புதுச்சேரி ஆளுநர் தூப்ளே ஒப்பவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும்படையுடன் வந்தும், அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படையொன்று அதனைச் சிதறடித்தது. நாட்டரசர்களின் வலிமை எத்தகையதென ஐரோப்பியர் அன்றே கண்டுகொண்டனர். 1748-இன் உடன்படிக்கையில், வட அமெரிக்காவிலுள்ள லூயிபர்க் கோட்டை பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பவும், அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பவும் முடிவாயிற்று. அவ்வூரின் பெயரைக்கூடக் கேட்டறியாத நம் தறிகாரர், அதற்குச் சரியிடையாக 1749-இல் கைமாறினர்.

மாறியது கொடி மட்டுமன்று. எதிரி வீடுகளின் மறைவில் நின்று சுடலாகாதென்று, கோட்டையை ஒட்டிய கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். மீண்டுவந்த ஆங்கிலேயர் அதே காரணங்காட்டி எஞ்சியதையும் இடித்து வெளியாக்கினர். நூறாண்டு குடியிருந்தோர் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். பட்டணத்தார் தொழுத சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் 1757-இல் அவ்வாறே மறைந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முதலியோர் முயற்சியால் வேறிடத்தில் சென்னக்கேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. அவை இன்றும் பூக்கடைப் பகுதியில் உள்ளன. பழைய கோயில் நின்ற நிலப்பகுதியில், 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் நிற்கின்றது. வழக்கின் பொருட்டுச் சென்னை செல்லும் நம் அன்பர்கள் படியேறுவது அந்த மண்ணின்மீதுதான்.