காவல் யாருக்கு? அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரு சட்ட வரலாறு

நள்ளிரவில் ஓர் ஆட்டோ மருத்துவமனை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். கேஷுவாலிட்டியில் பணியிலிருக்கும் மருத்துவர் நாடியைப் பார்த்தவாறே, 'என்ன நடந்தது?' என்று கேட்கிறார். உடன் வந்தவர் ஒரு கணம் தயங்கி, 'தெரியாமல் நடந்துவிட்டது, டாக்டர்' என்கிறார்.

இந்திய மருத்துவமனைகள் பல தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய பதில் இது. இப்பதிலுக்குக் காரணம் குடும்ப மானம் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. மறுபாதி சட்டப் புத்தகத்தில் இருந்தது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை வெறுங்காவல் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. இங்கிலாந்து தன் மண்ணில் இக்குற்றத்தை 1961இல் நீக்கிவிட்டது. விடுதலை பெற்ற இந்தியாவோ அதன் பிறகும் அதை வைத்துக்கொண்டிருந்தது. ஆகவே உயிர் பிழைத்து வந்தவர் மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியாக மட்டும் இடம்பெறவில்லை. 'எம்.எல்.சி.' எனப்படும் மருத்துவச் சட்ட வழக்காகவும் பதிவானார். காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. வாக்குமூலம் வாங்கக் காவலர் கட்டிலருகே வந்தார்.

இதன் விளைவு சிகிச்சையிலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் வழக்கு, மறைத்தால் விபத்து. விபத்து என்று எழுதப்பட்ட நோயாளிக்கு உடற்காயத்துக்கான மருத்துவம் கிடைத்தது. ஆனால் அவரைத் தனியே விடக்கூடாது என்பதோ, அருகிலுள்ள ஆபத்தான பொருள்களை அகற்ற வேண்டும் என்பதோ, வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதோ எவருக்கும் தோன்ற வழியில்லாமல் போயிற்று. மன நெருக்கடியில் இருப்பவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவு பாதுகாப்பாக இருக்க, முதலில் வேண்டியது உண்மை. அந்த உண்மையைச் சொல்வதையே சட்டம் அபாயமாக்கி வைத்திருந்தது.

தற்கொலை எண்ணம் இல்லாத, ஆனால் கடும் மனக்குழப்பத்தில் தெருவில் அலைந்த மனிதருக்கு வேறொரு சட்டம் இருந்தது. பம்பாயில் 1745இலும், கல்கத்தாவில் 1787இலும், சென்னையில் 1794இலும் மனநோயாளர் விடுதிகள் தோன்றின. அவற்றுக்கு ஆள் அனுப்பும் முறையை 1858ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் வகுத்தன. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அலைந்து திரியும் பித்தரைக் காவல் அதிகாரி 'கைது' செய்து நீதிபதி முன் நிறுத்தலாம் என்றது. அபாயகரமானவராகத் தோன்றினால் கைது செய்தே ஆக வேண்டும் என்றது. நோய்க்கு முதல் எதிர்வினை கைது என்பதே இதன் பொருள். குற்றமே செய்யாத மனநோயாளர்களைச் சிறையில் அடைத்துவைக்கும் வழக்கமும் இதையொட்டி வளர்ந்தது. மேற்கு வங்கச் சிறைகள் தொடர்பாக ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், அது சட்டவிரோதம், அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது 1993இல்தான்.

இதற்கிடையே மருத்துவமனைகளுக்குள் வேறொரு கதவு மெல்லத் திறந்தது. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்றைய ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், கிரீந்திரசேகர் போஸ் ஒரு மனநலப் பிரிவைத் தொடங்கினார். இந்தியப் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் மனநலப் பிரிவு அது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் போகும் அதே வளாகத்துக்குள் மனத்துயரோடும் போகலாம் என்பது அன்று பெரிய மாற்றம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கச் செய்தார். மனநோயாளியின் பக்கத்தில் சங்கிலிக்கும் காவலாளிக்கும் பதிலாக ஒரு தாயோ சகோதரனோ இருக்க முடியும் என்று அந்தக் கூடாரங்கள் காட்டின. இன்றும் இந்திய மருத்துவமனைகளில் இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் உறவினர்தாம்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை நேரடியாகத் தொட்ட தீர்ப்பு 1989இல் வந்தது. கார் மோதி அடிபட்ட ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை, இது போலீஸ் வழக்கு என்று சொல்லி, 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழியிலேயே இறந்தார். பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று தெளிவுபடுத்தியது. சாலை விபத்தையொட்டி எழுந்த வழக்குதான். ஆனால் 'எம்.எல்.சி.' என்ற மூன்றெழுத்துக்கு அஞ்சித் திருப்பி அனுப்பப்படக்கூடிய எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்தியது.

309ஆம் பிரிவின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. அதை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 1971இலேயே பரிந்துரைத்தது. 1994இல் பி.ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதது என்றது. இரண்டே ஆண்டுகளில், 1996இல், கியான் கௌர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மீண்டும் உயிர்ப்பித்தது. நீதிமன்றங்கள் 'இறக்கும் உரிமை உண்டா?' என்ற தத்துவக் கேள்வியை விவாதித்தன. கேஷுவாலிட்டியின் கேள்வி அதுவன்று. பிழைத்து வந்தவரை இன்றிரவு எப்படிக் காப்பது என்பதே அங்குள்ள கேள்வி.

அக்கேள்விக்கு ஒரு விடை, அவசர சிகிச்சைப் பிரிவுகளிலேயே நடந்த ஆய்விலிருந்து வந்தது. உலக சுகாதார அமைப்பின் அந்த ஆய்வு சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் இடம்பெற்றார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மறுசாராரிடம் வீட்டுக்கு அனுப்புமுன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டு விசாரித்தார்கள். அவ்வளவுதான். 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். பேசி, தொடர்பில் வைக்கப்பட்டோரில் 0.2 விழுக்காட்டினர். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. வாக்குமூலம் வாங்கும் காவலர் அமர்ந்த அதே நாற்காலியில், கேட்பதற்கென்று ஒருவர் அமர்ந்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்பதற்கான கணக்கு அது.

கட்டிப்போடுவது பாதுகாப்பாகாது என்பதற்கு நாடு மிகப் பெரிய விலை கொடுத்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இந்த நீண்ட கணக்குகளில் சிலவற்றைத் தீர்க்க முற்பட்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், மறுதலையாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்கலாகாது என்றது 115ஆம் பிரிவு. மனநோய்க்கான அவசர சேவையும் ஆம்புலன்ஸும் உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் கிடைக்க வேண்டும் என்றது 21ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம், ஆனால் அதன் பெயரால் மின்னதிர்ச்சி சிகிச்சை கூடாது என்றது 94ஆம் பிரிவு. சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு தடை செய்தது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடும் பதிவோடும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்றது 97ஆம் பிரிவு. 'ஆள் பற்றாக்குறை' அதற்குக் காரணமாகாது என்றும் அது வெளிப்படையாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. பொது ஊழியரைக் கடமையாற்றவிடாமல் நிர்ப்பந்திக்கும் நோக்கில் செய்யும் முயற்சி மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது.

சட்டங்களின் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். 1912இல் அவர் 'பித்தர்', 1987இல் 'மனநோயுற்றவர்', 2017இல் 'மனநோய் உள்ள நபர்'. நோய் ஒருவரின் பெயராக இருந்த நிலை மாறி, நபர் என்ற சொல் வந்து சேர்ந்தது. வினைச்சொல்லும் மாறியது. 1912இல் காவல் அதிகாரி 'கைது' செய்தார். 1987இலும் 2017இலும் 'பாதுகாப்பில்' எடுத்துக்கொள்கிறார். முன்பு அழைத்துச் சென்றது நீதிபதியிடம். இப்போது அருகிலுள்ள பொது மருத்துவமனைக்கு. எந்தச் சூழலிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது என்கிறது 100ஆம் பிரிவு.

தமிழில் 'காவல்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளும் தருகிறது. காவலில் வைப்பதும் காவல். காத்து நிற்பதும் காவல். இந்திய அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றரை நூற்றாண்டாக முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நடந்துகொண்டிருக்கிறது. சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் 'எம்.எல்.சி.' என்ற சொல்லைக் கேட்டதும் உறவினரின் குரல் இன்னும் தாழ்கிறது. அந்த நேரத்தில் வாசலில் நிற்பவர், 'உண்மையைச் சொல்லுங்கள், இப்போது இதற்கு வழக்கில்லை' என்று எடுத்துச் சொன்னால், அன்றிரவின் சிகிச்சை அங்கிருந்தே தொடங்கும்.

(மன நெருக்கடியில் இருப்போரும் அவர்களுடன் இருப்போரும் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.)