வரைகலை அட்டை இயக்கிச் சிக்கல்கள்

வரைகலை அட்டை இயக்கிச் சிக்கல்கள் என்பன, கணினியின் இயங்குதளத்திற்கும் வரைகலை அட்டைக்கும் இடையே செயற்படும் மென்பொருள் நிறுவப்படாமையாலோ, பொருந்தாமையாலோ, சிதைவுற்றமையாலோ திரையில் தோன்றும் கோளாறுகளைக் குறிக்கும். இம்மென்பொருள் வன்பொருள் இயக்கி அல்லது டிரைவர் எனப்படுகின்றது. உதிரிப்பாகங்களை வாங்கிப் புதிதாகப் பூட்டப்பட்ட மேசைக் கணினிகளில் இச்சிக்கலைப் பிரித்தறிவது கடினம். முழுமையாக விற்கப்படும் கணினியில் உற்பத்தியாளரே இயக்கிகளை நிறுவிப் பாகங்களின் பொருத்தத்தையும் சோதித்திருப்பார். பயனரே பூட்டிய கணினியிலோ எல்லாப் பாகங்களும் ஒரே நாளில் முதன்முறையாக இணைந்து இயங்குகின்றன. நேற்றுவரை எது சரியாக இயங்கியது என ஒப்பிட வழியில்லை. இதனால் பிற பாகங்களின் குறைகளும் இயக்கியின் பெயரிலேயே வெளிப்படுவதுண்டு. நல்ல அட்டை பழுதெனக் கருதப்பட்டு மாற்றப்படுவதும், உண்மையில் பழுதான பாகம் உத்தரவாதக் காலம் முடியும்வரை கண்டறியப்படாமற் போவதும் இதன் விளைவுகளாகும்.

இயக்கியின் பணி

விளையாட்டு மென்பொருளோ உலாவியோ வரைகலை அட்டையுடன் நேரடியாகப் பேசுவதில்லை. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல், வல்கன் போன்ற பொது இடைமுகங்களின் வழியாக அவை கட்டளைகளை விடுக்கின்றன. அக்கட்டளைகளைக் குறிப்பிட்ட அட்டைக்கு விளங்கும் ஆணைகளாக மாற்றுவதும், அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுவதும் இயக்கியின் வேலை. உரிய இயக்கி இல்லாவிடினும் திரை முற்றாக இருண்டுவிடுவதில்லை. 2012 இல் வெளியான விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாப்ட்டின் அடிப்படைக் காட்சி இயக்கி அவ்விடத்தை நிரப்புகின்றது. படம் குறைந்த பிரிதிறனில் தெரியும். நிகழ்படமும் சாளர அசைவும் தடங்கித் தடங்கிச் செல்லும். புதிய கணினியில் இவ்வாறு காணப்படின் அது பழுதன்று, இயக்கி இன்னும் நிறுவப்படவில்லை என்பதற்கான அறிகுறி மட்டுமே.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இயக்கியில் நேரும் ஒரு வழு பெரும்பாலும் முழுக் கணினியையும் நீலத்திரையுடன் நிறுத்திவிடும். 2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, இயக்கியின் பெரும்பகுதியை இயங்குதளக் கருவிற்கு வெளியே நகர்த்தியது. நோக்கம் நல்லதே. ஆயினும் உற்பத்தியாளர்கள் இயக்கிகளைப் புதிதாக எழுதவேண்டியிருந்ததால் மாற்றக் காலம் துன்பமாகவே கழிந்தது. 2007 இல் விஸ்டாவில் பதிவான செயலிழப்புகளில் ஏறத்தாழ 29 விழுக்காட்டிற்கு என்விடியா இயக்கிகள் காரணமாகக் காட்டப்பட்டிருந்தமை, அமெரிக்க வழக்கொன்றில் 2008 இல் வெளியான மைக்ரோசாப்ட்டின் உள் ஆவணங்களால் தெரியவந்தது.

கோளாறு தோன்றும் நேரம்

கோளாறு எக்கட்டத்தில் தோன்றுகின்றது என்பதே அதன் காரணத்தைப் பிரித்தறிய உதவும் முதன்மைச் சான்றாகும்.

மின்னிணைப்பு கொடுத்தவுடன் திரையில் தெரியும் உற்பத்தியாளர் சின்னமும் பயாஸ் அமைப்புப் பக்கமும் இயங்குதளம் ஏற்றப்படுவதற்கு முன்னரே வரையப்படுகின்றன. அக்கட்டத்தில் விண்டோஸ் இயக்கி நினைவகத்தில் இல்லை. ஆகவே அங்கேயே படம் வராவிடின் இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. திரையின் வடத்தை அட்டையில் இணைக்காமல், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் துளையில் இணைத்துவிடுவது இங்கு மிகப் பொதுவான தவறு. இன்டெல்லின் 'எஃப்' என முடியும் செயலிகளைப் போல உள்ளமைந்த வரைகலை இல்லாதவற்றில் அப்போது எதுவும் தெரியாது. உள்ளமைந்த வரைகலை உள்ள செயலியாயின் நிலைமை இன்னும் குழப்பமானது: படம் தெரியும், விலையுயர்ந்த அட்டை சும்மா இருக்கும், விளையாட்டுகள் மந்தமாக ஓடும், பழி இயக்கியின்மேல் விழும். மின்வடத்தை மறப்பதும் அரிதன்று. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை வழங்கக்கூடிய மின்திறன் 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கியிலிருந்து தனி இணைப்பு இன்றியமையாதது.

அட்டையினுள் பதிந்துள்ள நிலைபொருளும் இக்கட்டத்தில் குறுக்கிடலாம். என்விடியாவின் மேக்சுவெல், பாசுகல் வகை அட்டைகள் சிலவற்றில், டிஸ்ப்ளே போர்ட் 1.3 அல்லது 1.4 தரத்துத் திரையை இணைத்தால் இயங்குதளம் ஏற்றப்படும்வரை திரை இருண்டிருந்தது. 2018 இல் அந்நிறுவனம் வெளியிட்ட நிலைபொருள் இற்றைப்படுத்தலே இதனைத் தீர்த்தது. அதுவரை எச்.டி.எம்.ஐ. அல்லது டி.வி.ஐ. வழியாக இணைப்பது மாற்றுவழியாக இருந்தது.

தொடக்கச் சின்னம் ஒழுங்காகத் தெரிந்து, விண்டோஸ் ஏற்றப்படும்போது திரை இருளுமாயின் ஐயம் இயக்கியின்மேல் செல்வது நியாயமே. சேஃப் மோட் எனும் பாதுகாப்பு முறையில் உற்பத்தியாளரின் இயக்கி ஏற்றப்படுவதில்லை. அம்முறையில் மட்டும் படம் நிலையாக இருந்தால் ஐயம் வலுப்பெறும்.

மூன்றாவது வகையே ஏமாற்றக்கூடியது. சாதாரண வேலைகளின்போது ஒழுங்காக இருக்கும் கணினி, விளையாட்டு தொடங்கியதும் திரை இருண்டு, காட்சி இயக்கி செயலிழந்து மீண்டது என அறிவிக்கும். வரைகலைச் செயலி 2 நொடிகளுக்குள் மறுமொழி தராவிடின் அதனை மீளத்தொடக்கும் ஏற்பாடு விஸ்டா முதல் விண்டோசில் உள்ளது. மறுமொழி ஏன் வரவில்லை என்பதை அச்செய்தி கூறாது. இயக்கி வழு, மிகை வெப்பம், போதாத மின்வழங்கி, எக்ஸ்.எம்.பி. அமைப்பால் வேகம் கூட்டப்பட்ட நினைவகம் ஆகிய யாவும் ஒரே செய்தியையே தரும். அந்த 2 நொடி வரம்பை விண்டோஸ் பதிவேட்டில் கூட்டிவிடுமாறு கூறும் அறிவுரை பரவலாக உள்ளது. அது சோதனைக்கென வைக்கப்பட்ட அமைப்பு. கூட்டுவதால் பெரும்பாலும் அறிகுறி மட்டுமே மறையும். அதனினும், நினைவகத்தை இயல்பு வேகத்திற்குக் குறைத்துச் சோதிப்பது பயன் தரும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு 2024 இல் கிடைத்தது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில், விளையாட்டுகள் 'வரைகலை நினைவகம் போதவில்லை' என்ற செய்தியுடன் நின்றன. பயனர் பலர் இயக்கியை மாற்றியும் அட்டையை மாற்றியும் பார்த்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் என்விடியா, இத்தகைய பயனர்கள் இன்டெல்லை அணுகுமாறு அறிவித்தது. செயலிக்குள் மிகையான மின்னழுத்தம் செல்வதால் அது படிப்படியாகக் கெடுவதே காரணம் என இன்டெல் பின்னர் கண்டறிந்தது. ஆகஸ்டில் நுண்கட்டளைத் திருத்தத்தை வெளியிட்டதுடன் உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. தாய்ப்பலகையின் பயாஸ் இற்றைப்படுத்தல் வழியாகவே அத்திருத்தம் கணினியை அடைகின்றது. ஏற்கனவே கெட்ட செயலியை அது குணப்படுத்தாது.

விண்டோசில் சீர்செய்தல்

டிவைஸ் மேனேஜர் எனும் சாதன மேலாளரில் அட்டையின் பெயரருகே மஞ்சள் குறி இருந்தால் அதன் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் 43 என்பது, சாதனம் சிக்கலை அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது எனப் பொருள்படும்.

இணைய இணைப்பு கிடைத்தவுடன் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஓர் இயக்கியை நிறுவத் தொடங்கும். பயனர் அதே வேளையில் உற்பத்தியாளரின் நிறுவியை இயக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளலாம். எனவே தேவையான கோப்பை முன்னரே தரவிறக்கி, வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு நிறுவுவது நலம். முன்பிருந்த இயக்கியின் எச்சங்கள் ஐயத்திற்குரியனவாயின், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் இயக்கி அவற்றை நீக்கலாம். வேறொரு கணினியின் வன்தட்டைப் புதிய தாய்ப்பலகையில் பொருத்திய இடங்களில் இது குறிப்பாக உதவும்.

புதிய பதிப்பு எப்போதும் மேலானதன்று. என்விடியா 2010 மார்ச்சில் வெளியிட்ட 196.75 பதிப்பு, மின்விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் அட்டைகளை மிகையாகச் சூடாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது.

லினக்சில்

ஏ.எம்.டி. அட்டைகளுக்கான ஏ.எம்.டி.ஜி.பி.யூ. இயக்கி 2015 இல் வெளியான 4.2 பதிப்பு முதல் லினக்சு கருவின் பகுதியாகவே உள்ளது. தனியே நிறுவவேண்டியதில்லை என்பது வசதி. அட்டை கருவைவிடப் புதியதாயின் அடையாளம் காணப்படாது என்பது குறை. என்விடியா அட்டைகளுக்குத் தன்னார்வலர்கள் மீள்பொறியியலால் உருவாக்கிய நூவோ இயக்கியும், நிறுவனத்தின் சொந்த இயக்கியும் உள்ளன. நிறுவல் திரை இருண்டுபோனால், தொடக்கப் பட்டியலில் கருவிற்கு 'நோமோட்செட்' எனும் கட்டளையைத் தற்காலிகமாக அளித்து உள்ளே நுழையலாம். என்விடியா இயக்கி நிறுவப்பட்டும் ஏற்றப்படாமல் இருந்தால் பயாசில் செக்யூர் பூட் செயற்பாட்டில் உள்ளதா எனப் பார்க்கவேண்டும்; அது கையொப்பமிடப்படாத கருக்கூறுகளைத் தடுத்துவிடும்.

பயன்படுத்திய அட்டைகள்

செலவைக் குறைக்கப் புதிய கணினியில் பழைய அட்டையைப் பொருத்துவோர் பலர். என்விடியா தனது கெப்ளர் வகை அட்டைகளுக்கான வழமையான இயக்கி வெளியீட்டை 2021 இல் நிறுத்தியது. அவற்றுக்கு 470 வரிசைப் பதிப்புகளையே நாடவேண்டும். நாணய அகழ்வுக்காகப் பயாஸ் திருத்தப்பட்ட ஏ.எம்.டி. அட்டைகளில், கையொப்பம் பொருந்தாமையால் இயக்கி ஏற்றப்படாமல் எண் 43 தோன்றுவதுண்டு. மூலப் பயாசை மீளப் பதித்தால் அவை இயங்கக்கூடும். பழைய சில்லின் பயாசை மாற்றிப் புதிய அட்டையின் பெயரில் விற்கப்படும் போலிகளும் சந்தையில் உள்ளன. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் போலியான என்விடியா அட்டைகளை அடையாளங்காட்டும் வசதியை 2018 இல் பெற்றது. விற்றவரிடம் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இச்சோதனையைச் செய்துகொள்வது நலம்.