யானைப் பாதையில் எலிசபெத் டெய்லர்

கேரி கிராண்ட், ஆட்ரி ஹெப்பர்ன் நடிச்ச ‘ஷரேட்’ (1963) பார்த்திருக்கீங்களா? காதல், பகிடி, கொலை மூன்றும் ஒரே படத்தில். அதே கிராண்ட், கிரேஸ் கெல்லியோடு நடித்த ‘டு கேட்ச் எ தீஃப்’ (1955) படமும் ஏறக்குறைய அந்த வகைதான். ஒன்றில் பாரிஸ், மற்றதில் தென் பிரான்ஸ் கடற்கரை. அழகான ஊர், அழகான ரெண்டு பேர், பின்னால் ஓர் ஆபத்து. அந்த ஊர்ச் சனம் பெரும்பாலும் பேக்கிரவுண்டில்தான்.

இதே ஹொலிவூட் ஒருமுறை நம்ம தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தது. பகிடி மட்டும் இல்லை, மிச்சமெல்லாம் அப்படியே.

படம் ‘எலிஃபண்ட் வோக்’ (1954). வில்லியம் டீட்டர்லி இயக்கியது. இங்கிலாந்திலிருந்து கல்யாணம் கட்டி வரும் துரைசானி, முரட்டுத் துரை, அவள்மேல் ஆசைப்படும் மனேஜர். யானைகள் நடந்த பாதையை மறித்துக் கட்டிய பங்களா. தோட்டத்தில் கொலரா பரவுகிறது, கடைசியில் யானைகள் மதிலை உடைத்துக்கொண்டு வருகின்றன.

1953-ல் இலங்கையில் ஷூட்டிங் தொடங்கியபோது கதாநாயகி விவியன் லீ. மனநலம் பாதிக்கப்பட்டு அவர் விலக, எலிசபெத் டெய்லர் வந்தார். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் தெரிவது லீதான்.

லீ பிறந்தது டார்ஜிலிங்கில், 1913-ல். அதுவும் தேயிலை ஊர்தான். ஆனால் அவர் ஆங்கிலேயர் என்பதை யாரும் சந்தேகப்படவில்லை. நம்ம ஆட்களுக்கு? 1948 பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கணும், இல்லாட்டி தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். லயத்தில் பிறந்தவர்கள் எந்தக் கடதாசியைக் காட்டுவது? அடுத்த வருஷம் வாக்குரிமையும் போச்சு. 1947-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு 7 எம்.பி.மார். 1952 தேர்தலில் ஒருத்தர்கூட இல்லை. அந்த வருஷமே கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் கமராக்கள் வந்து இறங்கின.

படத்தில் இதில் ஒரு சொல்லும் இல்லை. தொழிலாளர்கள் கூட்டமாக வருகிறார்கள், கொலராவில் சாகிறார்கள், துரைசானி அவர்களைக் கவனிக்கிறாள். பேசுகிற முக்கிய உள்ளூர்ப் பாத்திரம் பங்களாவின் தலைமை வேலைக்காரர் அப்புஹாமி. அதையும் நடித்தவர் பர்மாவில் பிறந்த ஆப்ரகாம் சோஃபயர்.

லீவுக்கு வந்தபோது இந்தப் படத்தை லெப்டொப்பில் அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பங்களா நல்லாத்தான் இருக்கு. நம்ம ஆளுக எப்ப வருவாங்க?” என்று கேட்டார். படம் முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை.

‘ஷரேட்’ வந்த அடுத்த வருஷம், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பதாம். அந்தக் கணக்கு முடிய 2003 சட்டம்வரை இழுத்தது.

இப்போது எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் தினமும் ஷூட்டிங்தான். கலியாண ஜோடிகள், ட்ரோன்கள், பின்னால் பச்சை மலை. அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் இன்னும் தூரத்துக் காட்சியில்தான். அவர்களைக் கிட்டப் போய் எடுக்கிற படத்தை அந்நியர் எடுக்க மாட்டார்கள். நம்மிடமும் இப்போது ஃபோன் இருக்கிறது, கதையும் இருக்கிறது. அப்பாயியின் கேள்விக்கு நாமதானே பதில் சொல்லணும்?