ஒரு பைசாப் பத்திரிகை போன தூரம்

மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்கள் தினமும் கோலார் தங்கவயல்காரர்களைப் பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு வருகின்றன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு வீடு அங்கே, வேலை இங்கே என்று ஆகிவிட்டது. சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்ரீராம்புரம் பக்கம்தான். பஞ்சாலை வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேர்விட்ட பேட்டை அது. பிழைப்பு தேடி மைசூர் சமஸ்தானத்துக்கு ஏறிவந்த தமிழர்களின் கதையில் தங்கவயலும் ஸ்ரீராம்புரமும் பங்காளிகள்.

இந்தக் கதையில் பலர் மறந்துபோன ஒரு பயணி உண்டு. அது ஆளல்ல, பத்திரிகை. சென்னையில் அச்சாகி, ஜோலார்பேட்டை வழியாக, அப்போது பௌரிங்பேட்டை என்றிருந்த பங்காருபேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம் கிளைப் பாதையில் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்த வாரப் பத்திரிகை.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வெளிவந்தது. நான்கே பக்கம். விலை பெயரிலேயே இருந்தது. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். ராயப்பேட்டையில் பேர்பெற்ற சித்த வைத்தியர், வயது அறுபத்திரண்டு. சிறுவயதில் தம்மைப் படுத்திய நோய்க்கு அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டதைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்கார துரை ஒருவரிடம் பட்லராக இருந்தவர். கந்தப்பன் கொடுத்த ஓலைச்சுவடிகள் வழியாகத்தான் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையின் கைக்குக் குறள் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதரே பதிந்து வைத்திருக்கிறார். ஏட்டையும் அச்சையும் அறிந்த குடும்பம். அந்த ஏடுகளைப் படித்த சாதியைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்த ஊர்.

1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் எழுந்து இரண்டு விஷயம் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எங்களுக்குக் கோயிலில் நுழைய வழி. பள்ளிக்கூடப் பேச்சு ஒருவாறு எடுபட்டது. கோயில் என்றதும், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கான சாமிகள் அல்ல, உங்களுக்குக் காட்டேரியும் சுடலைமாடனும் போதும் என்ற பொருளில் பதில் வந்தது. அந்த வாக்குவாதத்தைப் பிற்பாடு அவரே எழுதினார். இன்னொருவராக இருந்தால் அடுத்த கூட்டத்தில் குரலை உயர்த்திக் கேட்டிருப்பார். அவர் கேட்பதையே விட்டுவிட்டார். எங்களுக்கு வேறு மதம் முன்பே இருந்தது, அதை நாங்கள் மறக்கடிக்கப்பட்டோம் என்பது அவருடைய வாதமாயிற்று.

1898-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு, பள்ளி ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். மாளிகாகந்தையில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். உ.வே.சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1898-ல்தான். தமிழில் பௌத்தம் என்றொன்று இருந்ததை ஒருவர் ஏட்டிலிருந்து புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் இன்னொருவர் அதையே வாழ்க்கையாக்கக் கப்பல் ஏறினார். முதலாமவரை நாம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

சங்கம் தொடங்குவது பெரிய காரியமல்ல. சென்னையில் அந்தக் காலத்தில் தெருவுக்கொரு சபை இருந்தது, பாதி ஆறு மாதத்தில் கலைந்தது. பஞ்சசீலம் வாங்கிய கூலிக்காரன் அடுத்த வாரம் என்ன செய்வான்? வீட்டில் பிள்ளை பிறந்தால், ஆடி வந்தால், தீபாவளி வந்தால்? பழைய சாமியை விட்டுவிட்டு வந்தவனுக்குப் புதிதாகக் கும்பிட ஒரு நாளும், நினைத்துக்கொள்ள ஒரு கதையும், பாடம் சொல்ல ஒரு வாத்தியாரும் வேண்டும். வாத்தியார் எல்லா ஊருக்கும் போக முடியாது, தாள் போகும். பண்டிதர் பத்திரிகை தொடங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பத்திரிகை செய்த வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

ஓராண்டு கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டதால், ‘ஒரு பைசா’ உதிர்ந்தது. 1908 ஆகஸ்ட் 26 முதல் வெறும் ‘தமிழன்’.

அதில் என்ன இருந்தது? எல்லாம் இருந்தது. சுதேசி இயக்கத்தின் மீது விமரிசனம், வாசகர் கேள்விகளுக்குப் பதில், ஊர்ச் செய்திகள், சாதி எப்படி வந்தது என்று சொல்லும் ‘இந்திரர் தேச சரித்திரம்’. குறளுக்கும் ஔவையின் ஆத்திசூடிக்கும் பௌத்த உரை. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, வாரா வாரம் தொடர்ந்த ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’. புத்தர் வரலாற்றையும் போதனையையும் காதை காதையாகப் பிரித்து, மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள் என்று தமிழ் நூல்களையே சாட்சிக்கு அழைத்து எழுதியது. 1912-ல் அது புத்தகமானது. பாலி மொழியிலிருந்தோ ஐரோப்பிய அறிஞர்களின் ஆராய்ச்சியிலிருந்தோ எடுத்துக் கொடுத்த பௌத்தம் அல்ல இது. அந்தப் பௌத்தத்துக்குச் சென்னையில் வேறொருவர் இருந்தார்: பேராசிரியர் பி. லட்சுமி நரசு. அவருடைய ஆங்கில நூல் ‘பௌத்தத்தின் சாரம்’ வெளிவந்ததும் 1907-ல்தான். 1948-ல் அதன் மூன்றாம் பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். படித்தவர்களுக்கு நரசுவின் நூல் பகுத்தறிவைக் கொடுத்தது. பண்டிதரின் தாளோ சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீட்டுக்காரனுக்கு ஒரு பாட்டன் வீட்டுச் சொத்தைக் கொடுத்தது. இருவருக்கும் ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன.

பண்டிகைகளை அவர் கையாண்ட விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தீபாவளியை விடு என்று அவர் சொல்லவில்லை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கற்ற பௌத்த முன்னோர்கள் அதைத் தலைமுழுகிக் கொண்டாடிய நாள் அது என்றார். கார்த்திகை தீபத்துக்கும் எண்ணெய்க் கதை ஒன்று வைத்திருந்தார். போகியைப் புத்தரோடு சேர்த்தார். இதையெல்லாம் வரலாறு என்று இன்று எந்த ஆராய்ச்சியாளரும் ஏற்க மாட்டார். அவருடைய சான்றுகளில் பல நிற்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தாமலேயே, அந்தக் குளியலின் பொருளை மாற்ற அவரால் முடிந்தது. மதம் மாறியவர்களை முதலில் சோர்வடைய வைப்பது பண்டிகை இல்லாத வெறுமை என்பது ஒரு வைத்தியருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தாளுக்குத் தங்கவயல்போல வாய்த்த ஊர் வேறில்லை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் தோண்டத் தொடங்கிய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்து குவிந்திருந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பூமிக்குள் இறங்கும் வேலை உயிரைக் குடிப்பது. ஆனால் கூலி பணமாகக் கைக்கு வந்தது, பண்ணையார் வீட்டு வாசலில் நின்று நெல்லாக வாங்க வேண்டியதில்லை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று கூலித் தமிழன் போன இடமெல்லாம் சங்கம் போயிற்று. சங்கம் போன இடமெல்லாம் தாள் போயிற்று. தங்கவயல்காரர்களின் காசு ராயப்பேட்டை அச்சுக்கூடத்துக்குத் திரும்பி வந்து முட்டுக்கொடுத்தது.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவனுக்குப் பாரதம் கேட்ட பழக்கம் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஒருவர் பாரதத்தைப் படிக்க, பிரசங்கியார் பொருள் சொல்ல, எழுத்தறியாத ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கும். சங்கத்தில் நடந்த வாசிப்பும் அதே பழக்கத்தின் மேல்தான் உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். தமிழனின் பழைய பக்கங்களைப் படித்துப் பாருங்கள்: வாக்கியம் நீளும், சொன்னதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லும், நடுவில் பாட்டொன்று வரும், பிறகு பொழிப்பு வரும். கண்ணுக்கு அலுப்பூட்டும் நடை. காதுக்கு அப்படியில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு லைனே வாசகராகிவிடும். அதனால் எத்தனை பிரதி அச்சானது என்ற கணக்கை வைத்து இந்தப் பத்திரிகையை அளப்பதில் அர்த்தமில்லை. சங்கக் கூட்டத்தில் பஞ்சசீலம் சொல்லி, சொற்பொழிவு கேட்டு, வைகாசிப் பௌர்ணமியில் புத்தர் விழா எடுத்து, கலியாணத்தையும் கருமாதியையும் சங்கத்தார் முன்னிலையிலேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் படிந்தது.

1914 மே 5-ல் பண்டிதர் காலமானார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் பத்திரிகையை இழுத்துப் பார்த்தார், பிறகு நின்றது.

ஆசிரியரோடு பத்திரிகை சாவது தமிழில் வழக்கம். இது சாகவில்லை, இடம் மாறியது. இடையில் பத்தாண்டுக்கு மேல் தாள் இல்லாமலே சங்கங்கள் ஓடின. தொடராக வந்தவை சிறு நூல்களாகித் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையின் பெயரில் வெளிவந்தன. 1926-ல் ஜி. அப்பாதுரையார் சாம்பியன் ரீஃபிலிருந்து ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடி தொடங்கினார். 1930-களின் நடுப்பகுதி வரை வந்தது. ராயப்பேட்டையிலிருந்து வாங்கிப் படித்த ஊர் இப்போது தானே அச்சிட்டு அனுப்பும் ஊராயிற்று. இந்தத் திருப்பத்துக்குத் தமிழ் இதழியல் வரலாற்றில் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது தமிழன் அப்படியே முதலாவதன் நகல் அல்ல. அப்பாதுரையார் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு நெருக்கமானவர். ஆதிவேதத்தின் காதைகளைவிடப் பகுத்தறிவு வாதம் தலைதூக்கியது. மூத்த பௌத்தர்கள் சிலருக்கு இது பிடித்திருக்காது. வழிபாடு கொஞ்சம் இளைத்து, அரசியல் கொழுத்தது என்று சொல்லலாம். ஆனாலும் 1950-ல் அதே அப்பாதுரையார் ‘புத்தர் அருள் அறம்’ எழுதினார். திரும்ப வர அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பழைய இதழ்கள் குடும்பங்களின் பெட்டிக்குள் போயின. நூலகங்கள் கைவிட்டதைச் சென்னையிலும் திருப்பத்தூரிலும் தங்கவயலிலும் தனிமனிதர்கள் கரையானிடமிருந்து காத்தார்கள். அப்படிச் சேகரித்தவர்களில் அன்பு பொன்னோவியமும் தி.பெ. கமலநாதனும் முக்கியமானவர்கள். 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். பௌத்தப் பத்திரிகையை மீட்டுக் கொடுத்தது கத்தோலிக்கக் கல்லூரி. பண்டிதர் கேட்டிருந்தால் இதற்கும் ஒரு பூர்வ சரித்திரம் எழுதியிருப்பார். 2003-ல் மூன்றாம் தொகுதி வந்தது. 2005-ல் பண்டிதருக்குத் தபால்தலை வந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. ஆய்வேடுகள் பெருகின.

அலாய்சியஸ் தொகுதிகள் இல்லாவிட்டால் நமக்கு எதுவுமே இல்லை. ஆனால் அவை பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை: முதல் தொகுதி அரசியல், சமூகம், இரண்டாவது சமயம், இலக்கியம். மாரிகுப்பத்தில் தாளைப் பிரித்தவனுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஒரே பக்கத்தில் சர்க்காருக்கு விண்ணப்பமும், புத்தரின் துறவும், குறளுக்கு உரையும் அவன் காதில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1909-ல் ஏதாவதொரு வாரம் சங்கத்தில் என்ன படிக்கப்பட்டிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், கட்டுரைகளின் அடியில் இருக்கும் இதழ் எண்ணையும் தேதியையும் பார்த்து இரண்டு தொகுதியிலும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் புரட்ட வேண்டும். பெங்களூரில் தமிழ் படித்த இளைஞர் யாராவது அதை வாரவாரியாக மறுபடி அடுக்கிக் கொடுத்தால் முதல் சந்தா என்னுடையது.