வீட்டின் பெயர் பெண்ணின் பெயரான கதை

சவரியம்மாள், சவரியாயி. நம் பாட்டிமார் தலைமுறையில் இப்பெயர்களைத் தாங்கிய பெண்கள் இல்லாத பழைய பங்கு அரிது. பொருள் கேட்டால், "புனிதரின் பெயர்" என்பர். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று.

புனிதருக்குத் திருமுழுக்கில் இடப்பட்ட பெயர் பிரான்சிஸ். சவேரியார் என்பது அவர் 1506-இல் பிறந்த கோட்டையின் பெயர். ஸ்பெயினின் வடக்கே, அன்று தனி அரசாயிருந்த நவாராவில் அக்கோட்டை உள்ளது. அது அவர்தம் தாய்வழிச் சொத்து. தந்தையின் குடும்பப் பெயரோ யாசு. பாஸ்க் மொழியில் 'எட்சே' என்றால் வீடு, 'பெரி' என்றால் புதிது. 'புதிய வீடு' என்னும் அத்தொடரே மருவிச் 'சவேரி' ஆயிற்று.

குடும்பப் பெயர் இயற்பெயராவது பிற நாடுகளிலும் உண்டு. அயர்லாந்தின் கேலிக் மொழிக் குடும்பப் பெயரான கெல்லி, 20-ஆம் நூற்றாண்டில் பெண்பிள்ளைகளின் பெயராயிற்று. 1792 முதல் 1799 வரை பாராமகாலில் பணியாற்றித் தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோவின் குடும்பப் பெயரும் கேலிக் வழியதே. பின்னர் அவர் கலெக்டராயிருந்த ராயலசீமையில், மக்கள் அன்பினால் தம் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயரிட்டனர். ஆள்பவர் ஆணையிட்டுப் பெறமுடியாத மரியாதை இது.

சவேரியாரோ 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1552-இல் சீனக் கரையோரத் தீவில் மறைந்தவர். நம் தருமபுரி மண்ணை அவர் மிதித்ததில்லை. ஆயினும் விசுவாசத்தோடு அவர் பெயரும் மலையேறி வந்தது. தமிழன்னை அதனோடு 'முத்து' சேர்த்து ஆணுக்கும், 'அம்மாள்', 'ஆயி' சேர்த்துப் பெண்ணுக்கும் சூட்டினாள்.

இதில் ஆழ்ந்த பொருளொன்று உண்டு. நவாரா 1512-இல் தோற்றது. 1516-இல் அக்கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் வென்றவர்களால் இடிக்கப்பட்டன. அப்போது பிரான்சிசுக்கு வயது 10. அரசியல் இடித்த வீட்டின் பெயரை, ஓர் எளிய மறைபரப்பாளரின் அன்பு உலகெங்கும் கட்டி எழுப்பியது. களையெடுத்த கையோடு செபமாலை உருட்டிய நம் ஏழைப் பெண்கள் அந்தப் பெயருக்குப் புகலிடம் தந்தார்கள்.

இன்று இப்பெயரை நாட்டுப்புறப் பெயரென்று கூசி, பொருளறியாத ஓசைகளை நாடும் பெற்றோர் பலர். புதுப்பெயர் சூட்டுவது தவறன்று. ஆனால் பாட்டியின் பெயரைச் சொல்லக் குழந்தை வெட்கப்படலாகாது. திருமுழுக்குப் பெறும் ஒவ்வொரு குழந்தையும் இறைவன் குடியேறும் புதிய வீடுதானே! அதைச் சொல்ல, சவரியம்மாளைவிடப் பொருத்தமான பெயர் வேறேது?